கிண்டியில் ஓர் ஆராய்ச்சிசாலை

சர்வகலாசாலை என்பது பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் காரியாலயம் என்றே நம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். புதிய அறிவைத் தேடுவதும் அதன் கடமையாகும். அக்கடமையைச் சென்னைச் சர்வகலாசாலை எவ்வளவு செம்மையாக நிறைவேற்றியது என்பதை நேயர்கள் அறிதல் நலம்.

1952ஆம் ஆண்டில் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன் கிண்டியிலிருந்த பௌதிகத் துறைக்குத் தலைவரானார். அவருக்கு அப்பொழுது வயது முப்பதை ஒட்டியிருந்தது. அவரைச் சிபார்சு செய்தவர் ஸர் சி. வி. ராமன், அத்துணை இளைஞரிடம் ஒரு துறையை நம்பி ஒப்புவித்தவர் துணைவேந்தர் டாக்டர் லட்சுமணசாமி முதலியார். சென்னைக்கு வந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று கூறினார். அந்த ஒரு வார்த்தையே ஆராய்ச்சிசாலையின் போக்கை நிர்ணயித்தது.

கொலாஜன் என்பது நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் புரதம். சிறு அமினோ அமிலங்கள் சங்கிலிபோற் கோக்கப்பெற்ற இயற்கைப் பாலிமர் அது. கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் அதன் வடிவத்தை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் கூடி, முப்புரிக் கயிறு போல் முறுக்குண்டிருக்கின்றன. மூன்றாவது இடந்தோறும் மிகச் சிறிய கிளைசின் நிற்கிறது. கயிற்றின் உட்புறத்தில் வேறொன்றுக்கும் இடமில்லை. அக்கயிற்றின் குறுக்களவு ஏறக்குறைய 1.5 நானோமீட்டர், ஒரு நானோமீட்டர் மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

1955இல் கிரிக்கும் ரிச்சும் ஆட்சேபணை கிளப்பினர். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். ஹைட்ரஜன் பிணைப்பின் கணக்கில் அவர்கள் கூறிய திருத்தம் நிலைத்தது. முப்புரி வடிவமோ அசையாது நின்றது. சென்னையார் வீண் தர்க்கத்தில் இறங்கவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதற்கு, அதுவரை கண்டறியப்பெற்ற படிகங்களையெல்லாம் சாட்சியாக அழைத்து விசாரித்தனர். அவ்விசாரணையின் பயனாக, ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் ஒரு படத்தை வெளியிட்டனர். புரதச் சங்கிலி எவ்வெக்கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்கலாகாது என்பதை அப்படம் காட்டும். இன்று உலகில் எங்கே புதிய புரத வடிவம் கண்டறியப்பட்டாலும், அது பிழையற்றதா என்பதை ராமச்சந்திரன் படத்தில் இட்டே சோதிக்கின்றனர். கொலாஜனைப் பின்பற்றி நானோ இழைகளைச் சமைப்போரும் கிண்டியில் கண்ட முப்புரியிலிருந்தே தொடங்குகின்றனர்.

பின்னர் ராமச்சந்திரன் சென்னையை விட்டகன்று, 1971இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவை நிறுவினார். சென்னையில் அவர் வளர்த்த துறை, அவர் சென்ற பின்னரும் படிகவியலும் உயிரியற்பியலும் கற்பித்து நிலைத்தது. மாணாக்கரைத் தம்முடன் நிகராக நிறுத்தி வேலை வாங்கிய ஆசிரியர்க்கே இப்பேறு கிட்டும்.

இச்சரித்திரத்திலிருந்து நாம் கற்க வேண்டுவது யாது? மாளிகை எழுப்புவதும் விலையுயர்ந்த கருவிகள் வாங்குவதும் எளிது. இளைஞரை நம்பி அதிகாரம் அளிப்பதும், பத்தாண்டு பலன் தராத கேள்விக்குப் பொருளுதவி செய்வதும், ஆட்சேபணையைப் பகையெனக் கொள்ளாது ஆராய்ச்சிக்கு வித்தாக்குவதும் அரிது. 1954க்கும் 1963க்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். ஆண்டுதோறும் கணக்குக் கேட்டு மானியத்தை நிறுத்தும் வழக்கம் அன்று இருந்திருப்பின், அப்படம் பிறந்திராது. நம் சர்வகலாசாலைகளை ஆளுவோர் இதனைச் சிந்திப்பாராக.