விசேட கல்வி அலகில் ஒழுங்கு என்பது யாது?

எமது பாடசாலைகள் சிலவற்றின் ஒரு மூலையில் 'விசேட கல்வி அலகு' என்ற பெயர்ப்பலகையுடன் ஒரு வகுப்பறை உண்டு. வயதாலும் ஆற்றலாலும் ஒருவரிலிருந்து ஒருவர் பெரிதும் வேறுபட்ட பிள்ளைகள் அங்கே ஒரே ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டிருப்பர். ஒரு பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. மற்றொரு பிள்ளையால் ஐந்து நிமிடங்கள்கூட ஓரிடத்தில் அமர்ந்திருக்க இயலாது. இன்னொரு பிள்ளைக்குச் செவிப்புலன் குறைவு. அவ்வறையிலிருந்து எழும் கூச்சல் அயல் வகுப்புகளுக்கு இடையூறாக இருக்கின்றது என்ற முறைப்பாடு அதிபரின் மேசைக்குச் செல்வதும், வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் என்ற அவப்பெயர் அந்த ஆசிரியருக்கு வாய்ப்பதும் நாம் கேட்டறியாத சங்கதிகள் அல்ல.

இது ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட பிரச்சினை என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. வலதுகுறைந்த பிள்ளையொன்றுக்குப் பாடசாலை அனுமதி வழங்குவதில் பாரபட்சம் காட்டலாகாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1994இல், ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் சாதாரண பாடசாலைகளின் கதவுகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்கப்பட வேண்டும் எனப் பிரகடனம் செய்தனர். வலதுகுறைந்தோரின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆயினும் சட்டம் திறந்துவிட்ட கதவை வகுப்பறையின் குழப்பம் மீண்டும் மூடிவிடுகின்றது. "இந்தப் பிள்ளையை எங்களால் சமாளிக்க முடியாது, சிறிது காலம் வீட்டில் வைத்திருங்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும். அச்சிறிது காலம் பெரும்பாலும் முடிவதேயில்லை. ஆகவே வகுப்பறை முகாமைத்துவம் என்பது இங்கே பிள்ளை கல்வி பெறுமா, இல்லையா என்பதையே தீர்மானிக்கும் விடயமாகின்றது.

முதலில் தெளிவுபெற வேண்டியது, இத்தகைய வகுப்பில் ஒழுங்கு என்பது மௌனம் அன்று என்பதாகும். அடுத்து என்ன நிகழும் என்பதைப் பிள்ளை அறிந்திருப்பதே ஒழுங்கு. சொற்களால் உலகைப் புரிந்துகொள்ளச் சிரமப்படும் பிள்ளைக்கு, எப்போது எழுத வேண்டும், எப்போது விளையாடலாம், எப்போது தாயார் வருவார் என்பன யாவும் புதிர்களே. புதிர் அச்சத்தை விளைவிக்கின்றது. அச்சம் கூச்சலாகவும் ஓட்டமாகவும் வெளிப்படுகின்றது. இதனாலேயே அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டிவைக்கும் முறை உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஷொப்ளரும் அவருடைய குழுவினரும் ஓட்டிசம் உடைய பிள்ளைகளுக்காக வளர்த்தெடுத்த முறைகளுள் இதுவும் ஒன்று. இதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. பழைய நாட்காட்டி மட்டையும் ஒரு பென்சிலும் போதுமானவை. ஒரு வேலை முடிந்ததும் அதற்குரிய படத்தைப் பிள்ளையே கழற்றிப் பெட்டியில் இடுமாயின், முடிவு என்ற ஒன்று உண்டு என்பதை அது கண்ணால் காண்கின்றது.

வழமை மாறும் நாட்களையும் இவ்வாறே முன்கூட்டி அறிவித்தல் அவசியம். விளையாட்டுப் போட்டிக்கான ஒத்திகை, முஸ்லிம் பாடசாலைகளில் வெள்ளிக்கிழமைகளில் நேரத்துடன் கலையும் மணி, நோன்புகால விடுமுறை முடிந்து திரும்பும் முதல் வாரம் ஆகியன ஏனைய பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தரலாம். வழமையையே ஊன்றுகோலாகக் கொண்ட பிள்ளைக்கோ அவை நிலைகுலைவைத் தருவன.

இரண்டாவது, பிள்ளையின் நடத்தை ஒரு மொழி என்பதை உணர்தல். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். எழுதக் கொடுத்தவுடன் கொப்பியைக் கிழிக்கிறான். ஆசிரியர் சினந்து அவனை வெளியே நிறுத்துகிறார். ஆசிரியரின் கணக்கில் அது தண்டனை. சிறுவனின் கணக்கிலோ அது விடுதலை. கொப்பியைக் கிழித்தால் எழுதாமல் தப்பலாம் என்பதே அன்று அவன் கற்ற பாடம். மறுநாள் மேலும் விரைவாகக் கிழிப்பான். எனவே, நடத்தைக்கு முன்னர் நிகழ்ந்தது என்ன, நடத்தை யாது, அதன் பின்னர் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன என்ற மூன்றையும் ஒரு கொப்பியில் இரண்டு வாரங்கள் குறித்துவரின், காரணம் பெரும்பாலும் தானாகவே வெளிப்படும். வேலையிலிருந்து தப்புதல், பிறர் கவனத்தைப் பெறுதல், விரும்பிய பொருளை அடைதல், உடலுக்கு ஒவ்வாத ஒலியையோ நெரிசலையோ தவிர்த்தல் ஆகியனவே வழக்கமான காரணங்கள்.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும். மேற்சொன்ன சிறுவனுக்கு ஒரு பக்கத்துக்குப் பதில் இரண்டு வரிகளை வழங்கலாம். "முதலில் இது, பின்னர் அது" என்று, எழுதிய பின் அவன் விரும்பும் பந்தைக் காட்டலாம். விரும்பாத வேலையை விரும்பும் வேலையுடன் பிணைக்கும் இந்த உபாயத்தை டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959இல் ஆய்வுகளின் மூலம் நிறுவினார். ஆயினும் சோறு உண்டால் நிலாக் காட்டுவேன் என்ற எமது தாய்மார் அதனை முன்னரே அறிந்திருந்தனர். இவற்றோடு, 'உதவி வேண்டும்', 'போதும்' என்பவற்றைக் குறிக்கும் இரண்டு பட அட்டைகளைக் காட்டப் பழக்க வேண்டும். கிழிப்பதற்குப் பதிலாக அட்டையை நீட்டியவுடன் அவனுக்கு ஓய்வு கிடைக்குமாயின், கிழிக்க வேண்டிய தேவை குறைந்துவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியமாகின்றன. கவனத்தை ஈர்ப்பதற்காக அழும் பிள்ளையைக் கவனியாதிருக்கத் தொடங்கினால், அழுகை குறையுமுன் சில நாட்கள் கூடும். அவ்வேளையில் மனந்தளர்ந்து விட்டுக்கொடுத்தால், உரக்க அழுதாலே பலன் உண்டு என்பது பிள்ளைக்கு உறுதியாகிவிடும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நடத்தையை மாத்திரம் ஒருபோதும் கவனியாது விடலாகாது. அடுத்தது, சொற்கேளாமை எனத் தோன்றுவது செவிப்புலன் குறைபாடாக இருக்கலாம். கணநேரம் வெறித்துப் பார்த்து நிற்பது வலிப்பு நோயின் ஒரு வகையாக இருக்கலாம். திடீரெனத் தலையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைக்குக் காதுவலியோ பல்வலியோ இருக்கலாம். ஆகவே குற்றஞ்சாட்டுமுன் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

பிரம்பைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசியாக வேண்டும். பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. ஆசிரியர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவி பாதிப்புற்ற வழக்கில், அச்செயல் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறுவதாக உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறமிருக்க, பிரம்பு பயனற்றது என்பதும் கவனிக்கத்தக்கது. எதைச் செய்யக் கூடாது என்று அது ஒருவேளை உணர்த்தலாம். அதற்குப் பதிலாக எதைச் செய்ய வேண்டும் என்பதை அது கற்பிப்பதில்லை. தனக்கு அடிவிழுந்ததை வீட்டில் எடுத்துச்சொல்ல வாயற்ற பிள்ளையை அடிப்பது எவ்வகை வீரம் என்பதையும் நாம் எம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனினும் முழுப் பொறுப்பையும் ஆசிரியரின் தோளில் ஏற்றிவிடுவது நீதியாகாது. விசேட கல்வி ஆசிரியரை, வராத ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பும் வழக்கம் எங்கே இருப்பினும் அது நிறுத்தப்பட வேண்டும். மைதானத்தின் இரைச்சலும் தகரக் கூரையின் வெப்பமும் சூழ்ந்த அறையை அலகுக்கு ஒதுக்கிவிட்டு அமைதியை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. உதவியாளர் ஒருவரையேனும் வழங்குவது குறித்து வலயக் கல்வி அலுவலகங்கள் கவனஞ்செலுத்த வேண்டும். ஆசிரியர் வகுப்பில் மறுத்ததை வீட்டில் பெற்றோர் வழங்கினால் ஒரு வார உழைப்பு ஒரு மாலையில் கரைந்துவிடும் என்பதால், பெற்றோருடன் வாரமொருமுறையேனும் பேசும் ஏற்பாடும் தேவை. அப்பேச்சு முறைப்பாட்டுடன் தொடங்காமல், பிள்ளை புதிதாகக் கற்ற ஒன்றைச் சொல்லித் தொடங்குவது நன்று. தம் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையை அயலவரிடமிருந்து கேட்டறியாத பெற்றோர் எம் மத்தியில் இருக்கின்றனர்.

இப்பிள்ளைகளை முன்வினைப் பயன் என்றோ, குடும்பத்தின் தலைகுனிவு என்றோ வீட்டுக்குள் மறைத்துவைக்கும் போக்கு எமது சமூகங்களில் இன்னமும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஒருநாள் துணிந்து பிள்ளையின் கையைப் பிடித்துப் பாடசாலை வாசலுக்கு வரும் தாய், சில வாரங்களிலேயே திருப்பி அனுப்பப்பட்டால், அவர் இரண்டாம் முறை வருவது அரிது. சுவரில் ஒட்டிய நான்கு படங்களும், பொறுமையுடன் எழுதப்பட்ட ஒரு கொப்பியும், ஆசிரியருக்குக் கைகொடுக்கும் ஓர் அதிபரும் இருந்தால் அவ்வாறு திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகளுள் பலரை வகுப்பிலேயே வைத்திருக்க முடியும். அதனைச் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.