நதி தந்த மின்சாரம் - 6: ரைன்ஃபெல்டன், இருமுறை அளக்கப்பட்ட ஆறு

சென்ற பகுதியில் விவரிக்கப்பட்ட 1891ஆம் ஆண்டின் லாஃபன் - ஃபிராங்க்ஃபர்ட் சோதனை, ஆற்றங்கரையில் பிறக்கும் மின்சாரத்தை 175 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பிவழியே கொண்டுசெல்ல முடியும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. அந்தத் துணிவில், பேராறு ஒன்றையே தொழில்துறையின் மின்னூற்றாக மாற்றும் பணி ஐரோப்பாவில் தொடக்கத்திலேயே உருப்பெற்ற இடம், ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எல்லையாக ஓடும் ரைன் நதியின் கரையில், பாசல் நகருக்குச் சற்று மேலே உள்ள ரைன்ஃபெல்டன் ஆகும். இதற்கெனவே 1894இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஏஇஜி என்னும் ஜெர்மானிய மின்பொறி நிறுவனத்தை நிறுவிய எமில் ராத்தெனாவ் அதன் முன்னோடிகளுள் ஒருவர். 1895இல் தொடங்கிய கட்டுமானம் 1898இல் நிறைவுற்றது.

மேட்டூரைப் போன்ற அணைகளில் மழைக்காலத்து நீரைத் தேக்கிவைத்துத் தேவையானபோது திறந்துவிட முடியும். ரைன்ஃபெல்டன் அத்தகைய நிலையம் அன்று. ஆறு அன்றாடம் கொண்டுவரும் நீரை அன்றன்றே பயன்படுத்திக் கீழே விட்டுவிடும் இவ்வகையை ஓடுநீர் மின்நிலையம் என்பர். விநாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், இழப்புகளைக் கழிக்காமல் பார்க்கும்போது, கிடைக்கும் திறன் ஏறத்தாழ 9.8 கிலோவாட். மலையருவியில் உயரம் மிகுதி என்பதால் சிறிதளவு நீரே பெரும் திறனைத் தந்துவிடும். ரைன்ஃபெல்டனிலோ வீழ்ச்சி சில மீட்டர் மட்டுமே என்பதால், எவ்வளவு நீரை டர்பைன்களின் வழியே செலுத்த முடிகிறது என்பதே நிலையத்தின் தரத்தை முடிவுசெய்தது.

ஜெர்மானியக் கரையோரம் கால்வாய் அமைத்து, 20 டர்பைன்களை வரிசையாக நிறுத்தி, அக்காலப் பொறியாளர்கள் இதற்கு விடை கண்டனர். அங்கு உற்பத்தியான மின்சாரத்தின் ஒரு பகுதி மும்முனை மாறுமின்னோட்டமாகத் தொலைவிடங்களுக்குச் சென்றது. மின்சாரத்தைப் பெருமளவில் விழுங்கும் அலுமினிய உருக்காலையும் வேதித் தொழிற்சாலைகளும் நிலையத்தின் அருகிலேயே எழுந்தன. மாறுமின்னோட்டம் ஒரு விநாடியில் எத்தனை முழுச்சுற்றுகளை நிறைவுசெய்கிறது என்பதை அதன் அதிர்வெண் என்பர். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு அதிர்வெண்கள் வழங்கிய அந்நாளில் ரைன்ஃபெல்டன் தேர்ந்துகொண்ட 50 சுற்று, பின்னர் இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளின் பொது அளவாயிற்று. அண்டை நிலையங்களோடு இது படிப்படியாக இணைந்து இயங்கத் தொடங்கியதில்தான் ஐரோப்பிய மின்தொகுப்பின் வேர்களுள் ஒன்று இருக்கிறது.

ஆயினும் பழைய நிலையம் கையாள முடிந்த நீர், விநாடிக்கு ஏறத்தாழ 600 கன மீட்டர், அதாவது 21,000 கன அடி மட்டுமே. அதற்கு மேல் ஆறு கொணர்ந்த நீரெல்லாம் பயன்படாமல் கடந்துசென்றது. பிற்காலத்தில் இயந்திரங்கள் மாற்றப்பட்டும் திறன் 25.7 மெகாவாட்டைத் தாண்டவில்லை. நீரைப் பயன்படுத்தும் உரிமத்தை 1989இல் இரு நாடுகளும் புதுப்பித்தபோது, புதிய நிலையம் கட்டவேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்த கடமையாயிற்று. 2003இல் வேலை தொடங்கியது. பழைய நிலையம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதிய தடுப்பணையும், சுவிஸ் கரைப் பக்கமாக இயந்திரக் கூடமும் எழுப்பப்பட்டு, 2011இல் புதிய நிலையம் முறைப்படி திறக்கப்பட்டது.

இங்கு 20 டர்பைன்களின் இடத்தில் நான்கே உள்ளன. ஒவ்வொன்றும் 25 மெகாவாட். இவை குமிழ் வகையைச் சேர்ந்தவை: நீர் புகாத எஃகுக் குமிழுக்குள் மின்னாக்கி வைக்கப்பட்டு, அது முழுவதும் நீரோட்டத்துக்குள்ளேயே அமைவதால், நீர் அதிகம் திரும்பாமல் ஏறத்தாழ நேராகப் பாய்கிறது, தாழ்ந்த வீழ்ச்சிக்கு இது மிகப் பொருத்தமான அமைப்பு. நிலையம் கையாளும் நீர் விநாடிக்கு 1,500 கன மீட்டராகவும், ஆண்டு உற்பத்தி சுமார் 18.5 கோடி யூனிட்டிலிருந்து 60 கோடி யூனிட்டாகவும் உயர்ந்தன.

1898இல் ஆற்றிலிருந்து எவ்வளவு எடுக்க முடியும் என்பதே கேள்வியாக இருந்தது. ரைன் நதியில் அணைகளும் கழிவுகளும் பெருகி, கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் சால்மன் மீன்கள் அற்றுப்போன பிறகு, ஆற்றுக்கு எதைத் திருப்பித் தருவது என்ற கேள்வியும் உடன் சேர்ந்தது. அதற்கு விடையாக, பழைய நிலையத்தின் கால்வாய் இருந்த இடத்தில் ஏறத்தாழ 900 மீட்டர் நீளத்துக்குக் கூழாங்கல்லும் பாறையும் நிறைந்த ஓடை உருவாக்கப்பட்டது. மீன்கள் தடுப்பணையைச் சுற்றி மேலேறிச் செல்லவும், அங்கேயே முட்டையிடவும் அது இடம் தருகிறது.

அந்த ஓடைக்காகவே பழைய நிலையம் இடிக்கப்பட வேண்டியதாயிற்று. உலகத் தொழில்நுட்ப வரலாற்றின் ஒப்பற்ற சான்று என்று கூறி அதைக் காக்கக் குரல் எழுப்பியோரின் முயற்சி பலிக்கவில்லை. நூறாண்டுக்கு மேல் உழைத்த கட்டடமும், இரு கரைகளையும் இணைத்த இரும்பு நடைபாலமும் அகற்றப்பட்டன. பழைய இயந்திரங்களுள் ஒன்று மட்டும் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மின்சாரத்தின் கணக்கிலும் மீன்களின் கணக்கிலும் ரைன்ஃபெல்டனின் புதுப்பிப்பு வெற்றியே. ஆனால் 20 இயந்திரங்கள் அணிவகுத்து நின்ற கூடத்தின் பேருருவை ஒற்றை இயந்திரத்தைக் கொண்டு அடுத்த தலைமுறைக்கு உணர்த்த இயலாது. பழைய மின்நிலையங்களைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு நாடும், திட்டம் வரையும் முதல் நாளிலேயே அந்த இழப்பையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)