கடைசி நாள்களில் என்ன வேண்டும்... அப்பாவிடம் கேட்டீர்களா?

முதியோர் இல்லத்தில் அப்பாவைச் சேர்க்கும்போது மாத்திரைப் பட்டியலைக் கொடுக்கிறோம். கடைசி நாள்களில் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. மணப்பாட்டில் அலையோசை கேட்டே வாழ்ந்தவருக்கு, ஐ.சி.யு-வைவிட அந்த ஓசையும் ஜெபமும் பெரிதாக இருக்கலாம்.

2000-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில் 340 நோயாளிகளிடமும் 361 மருத்துவர்களிடமும் இதைக் கேட்டார்கள். வலி தீர வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் ஒரே கருத்து. ஆனால் நினைவு தெளிவாக இருப்பது, குடும்பத்துக்குப் பாரமாகாமல் இருப்பது, பிரார்த்தனை ஆகியவற்றை மருத்துவர்களைவிட நோயாளிகளே முக்கியமாகக் கருதினார்கள்.

இனி குணமாகாது என்ற நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என முன்பே எழுதிவைப்பதுதான் 'லிவிங் வில்'. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை அங்கீகரித்தது; 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும்.

பத்திரம் பிறகு எழுதலாம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.