சீனத்துக் கடற்கரையில் நாலு கை அம்மன்

சீனாவுக்குப் போய் வந்தேன் என்றால், "ஷாங்காய் எப்படி? பீஜிங் பார்த்தாயா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சுவான்சௌ என்று நான் சொன்னதும், "அது எங்கே இருக்கிறது?" என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். தைவான் தீவுக்கு எதிர்க்கரையில், பூஜியான் மாகாணத்தில் இருக்கிறது. பக்கத்துச் சியாமென் நகரில் உல்லாசப் பயணிகளின் கூட்டம் தாங்கவில்லை. அங்கிருந்து அரை மணி நேரம் போல ரயிலில் வந்தால் சுவான்சௌ. அதன் பழைய தெருக்களில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கிறது.

எழுநூறு வருஷத்துக்கு முன் இந்த அமைதி இல்லை. அராபியர் இதை ஜைதூன் என்றார்கள். அலெக்ஸாந்திரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் இங்கே நூறு கப்பல் வருகிறது என்று மார்க்கோ போலோ எழுதி வைத்தார். (கணக்கில் கொஞ்சம் தாராளமான மனசு அவருக்கு!) கப்பல்களோடு தமிழ் வியாபாரிகளும் வந்தார்கள். 1281-ல், குப்ளாய் கான் ஆட்சியில், சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவனைப் பிரதிஷ்டை செய்தார். அதைச் சொல்லும் கல்வெட்டில் தமிழும் இருக்கிறது, சீனமும் இருக்கிறது. பிறகு வியாபாரம் க்ஷீணித்தது, துறைமுகத்தில் மண் மேடிட்டது, கோயிலும் இடிந்து போயிற்று.

காலை ஆகாரம் சேமியாக் கஞ்சி. பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டியது போல் இருக்கும். சைவக்காரர்கள் அதில் வேறு என்ன போட்டிருக்கிறது என்று விசாரித்துவிட்டு ஸ்பூனை எடுப்பது நல்லது.

ஆனால் சுன்பூ கிராமத்தை மட்டும் பெண்கள் யாரும் தவறவிடக் கூடாது. கடலோரத்துச் செம்படவர் கிராமம் அது. பழைய வீடுகளின் சுவர்களில் செங்கல்லோடு பெரிய பெரிய சிப்பி ஓடுகளையும் பதித்துக் கட்டியிருக்கிறார்கள். வெயிலில் மீன் செதில் மாதிரி மின்னுகின்றன. அங்கே பெண்கள் கூந்தலைப் பின்னால் கொண்டையாகச் சுருட்டி, ஒரு குச்சியைக் குறுக்கே செருகி, சுற்றிலும் பூச்சரங்களை வளையம் வளையமாக வைத்துக்கொள்கிறார்கள். மல்லிகை மொட்டைக் கண்டதும் என் கை தானாகவே என் பின்னலைத் தொட்டுப் பார்த்தது! கிழவிகளுக்கும் பூ உண்டு. சிப்பி உடைக்க உட்காரும்போதும் தலையில் பூ இருக்கிறது. இந்தப் பழக்கம் நம்மிடமிருந்துதான் போயிற்று என்று நான் சாதிக்க மாட்டேன். இப்போது வெளியூர்ப் பெண்கள் வந்து வாடகை உடையில் காகிதப் பூவும் துணிப் பூவும் வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, வாசனைதான் இல்லை.

இடிந்த கோயிலின் கற்கள் என்ன ஆயின? கையுவான் என்ற பௌத்த ஆலயத்தில் பிரதான மண்டபத்தின் பின்புறம் இரண்டு தூண்கள் நிற்கின்றன. அவற்றில் நரசிம்மர் இருக்கிறார். மரங்களுக்கு நடுவே கண்ணனும் இருக்கிறான். லிங்கத்துக்கு யானை பூஜை செய்யும் சிற்பமும் இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. திருவானைக்கா கதையை யார் அங்கே நினைத்துப் பார்த்தார்களோ!

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது செதியான் கிராமத்துச் சின்னக் கோயில்தான். உள்ளே கல்லில் நாலு கைகளோடு ஓர் அம்மன். இரு பக்கமும் தோழியர், காலடியில் அசுரன். கிராமத்தாருக்கு அவள் குவான்யின், கருணை தெய்வம். ஆராய்ச்சிக்காரர்களோ, அந்தக் காலத்து இந்துக் கோயிலைச் சேர்ந்தவள் என்கிறார்கள்.

உள்ளே ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த பாட்டியிடம், "பாட்டி, இவள் எங்கள் தேசத்துச் சாமி" என்று சொல்லச் சொன்னேன். கூட வந்த மாணவி சீனத்தில் சொன்னாள். கோபித்துக்கொள்வாளோ என்று எனக்குப் பயம். நம் ஊர் மாரியம்மனை யாராவது வந்து இப்படி உரிமை கொண்டாடினால் நாம் சும்மா இருப்போமா?

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள். மாணவி சிரித்துவிட்டாள்.

"'அப்படியா? இவ்வளவு நாள் ஏன் யாருமே பார்க்க வரவில்லை?' என்று கேட்கிறார்கள்" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. பாட்டி அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. மூன்று ஊதுவத்திகளை எடுத்து என் கையில் கொடுத்து, விளக்கு இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.