நின்று நின்று நகரும் தாள்



அஞ்சல்தலையைத் தாளிலிருந்து பிரித்தெடுக்க நாம் கத்தரிக்கோலைத் தேடுவதில்லை. மடித்து, மெல்ல இழுத்தால் போதும். வரிசையாக உள்ள சிறு துளைகளின் வழியே அது நேராகக் கிழிந்து வருகிறது. ரசீதுப் புத்தகமும் காசோலைப் புத்தகமும் அப்படித்தான். இத்துளைகளை இடும் இயந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது, அதில் தாள் எப்படி நகர்கிறது, துளை ஏன் சில வேளைகளில் இடம் மாறி விழுகிறது என்பவற்றை இன்று காண்போம். தோட்டத்தை விட்டு அச்சகத்திற்கும் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு முக்கியமான பாடமும் இருக்கிறது.

உலகின் முதல் அஞ்சல்தலையான 'பென்னி பிளாக்' 1840ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டனில் வெளிவந்தது. அதில் துளைகள் இல்லை. ஒரு தாளில் 240 தலைகள். வரிசைக்கு 12 வீதம் 20 வரிசைகள். அந்நாளில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுன். ஆகவே ஒரு வரிசை ஒரு ஷில்லிங், முழுத்தாள் ஒரு பவுன் என்று கணக்கிட எளிதாயிருந்தது. ஆனால் ஒவ்வொரு தலையையும் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும்.

இத்தொல்லைக்கு வழி சொன்னவர் அயர்லாந்தில் பிறந்த ஹென்றி ஆர்ச்சர். 1847இல் அவர் தம் திட்டத்தை அஞ்சல் துறையிடம் தெரிவித்தார். முதலில் சிறு கத்திகளைக் கொண்டு தாளில் கீறல் இட்டுப் பார்த்தார்; அது சரிவரவில்லை. பிறகு ஊசிகளால் துளையிடும் முறைக்கு மாறினார். 1853இல் அவருடைய உரிமையை அரசாங்கம் 4,000 பவுன் கொடுத்து வாங்கியது. 1854இல் துளையிட்ட அஞ்சல்தலைகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. ஓர் எளிய எண்ணம் நல்ல இயந்திரமாக மாற ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆயின. கடினமாக இருந்தது துளை போடுவதன்று. சரியான இடத்தில் போடுவது.

அது எப்படி என்று பார்ப்போம். இயந்திரத்தின் மேற்பகுதியில் உருக்கு ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. ஊசி என்றால் கூர்முனை ஊசியல்ல, முனை தட்டையானது. கீழே ஒரு கனத்த தகடு. ஒவ்வோர் ஊசிக்கும் நேராக அத்தகட்டில் ஒரு துளை உண்டு. தாள் இரண்டுக்கும் நடுவே வருகிறது. ஊசி இறங்கும்போது தாளிலிருந்து சிறு வட்டத் துண்டை வெட்டிக் கீழே தள்ளிவிடுகிறது.

ஊசிகளைத் தலைவாரும் சீப்பைப் போல அமைப்பது ஒரு முறை. நீளமான ஒரு வரிசை. அதிலிருந்து பற்களைப் போலக் குறுக்கே குட்டி வரிசைகள். இச்சீப்பு ஒரு முறை இறங்கினால் ஒரு வரிசைத் தலைகளின் மூன்று பக்கங்களுக்கும் துளை விழுந்துவிடும். தாள் ஒரு தலையின் உயரம் அளவுக்கு நகர்ந்ததும், அடுத்த அடியில் நான்காம் பக்கமும் முடிந்துவிடும்.

தாள் ஓடிக்கொண்டே இருந்தால் என்னவாகும்? ஊசி தாளுக்குள் இருக்கும்போது தாள் இழுபட்டால் துளை கிழியும், ஊசியும் வளையும். ஆகவே ஊசி இறங்கி ஏறும் வரை தாள் அசையாமல் நிற்க வேண்டும். ஊசி மேலே போனபின் தாள் ஓர் அடி நகர வேண்டும். மறுபடி நிற்க வேண்டும். இதுதான் விட்டு விட்டு நகர்த்தும் முறை.

இந்த முறையை நம் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். தையல் இயந்திரத்தைப் பாருங்கள். ஊசி துணிக்குள் இருக்கும்போது துணி நிற்கிறது. ஊசி மேலே வந்ததும் அடியில் உள்ள பற்கள் எழும்பித் துணியை ஒரு தையல் அளவு தள்ளுகின்றன. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய கருவியும் அப்படியே வேலை செய்தது. ஒரு விநாடியில் 24 முறை படச்சுருள் நின்று நின்று நகர்ந்தது. நம் கண்ணுக்குத்தான் அது ஓடுவதுபோல் தெரிந்தது.

அளவாக நகர்த்துவதற்குப் பல இயந்திரங்களில் பற்சக்கரமும் கொக்கியும் இருக்கின்றன. கொக்கி ஒரு பல்லைப் பிடித்துத் தள்ளும். திரும்பி வரும்போது அடுத்த பல்லின் முதுகில் வழுக்கி ஏறி அமரும். சக்கரம் ஒரு பக்கமே திரும்பும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் திரும்பும். வேகத்தில் சக்கரம் கூடுதலாக ஓடிவிடாமல் இருக்கத் தடுப்புக் கட்டை ஒன்றும் வேண்டும்.

இவ்வளவு இருந்தும் துளை இடம் மாறி விழுவதுண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு நகர்விலும் தாள் 0.1 மில்லிமீட்டர் குறைவாக நகர்வதாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு மூன்று வரிசைகளில் அது கண்ணுக்கே தெரியாது. 20ஆம் வரிசைக்கு வரும்போது 19 நகர்வுகள் முடிந்திருக்கும், பிழை 1.9 மில்லிமீட்டர் ஆகிவிடும். துளை வெள்ளை ஓரத்தை விட்டுப் படத்தின்மேல் ஏறிவிடும். பால்மரம் சீவுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் பட்டையை மயிரிழை கூடுதலாகச் சீவினால் அன்றைக்குத் தெரியாது. ஆண்டு முடிவில் வெட்டுமுகம் எவ்வளவு கீழே இறங்கிவிட்டது என்று தெரியும்.

இயந்திரம் சரியாக இருந்தாலும் தாள் ஏமாற்றும். அக்காலத்தில் அஞ்சல்தலைகளை ஈரத்தாளில் அச்சிட்டார்கள். தாள் காயும்போது சுருங்கியது. எல்லாத் தாளும் ஒரே அளவில் சுருங்கவில்லை. அச்சு ஒரு கணக்கில், ஊசி ஒரு கணக்கில் என்றானது. ஆர்ச்சரின் காலத்து இயந்திரங்களுக்கு இது பெரும் தொல்லையாய் இருந்தது. காற்றில் ஈரம் மிகுந்த நம் நாட்டிலும் தாள் ஈரத்தை உறிஞ்சி விரிவடையும். அதுவும் நார் ஓடும் திசையைவிட அதற்குக் குறுக்கே அதிகமாக விரியும். அதனால்தான் நல்ல அச்சகங்களில் தாளை அறையின் காற்றுக்குப் பழக்கிவிட்டுப் பிறகே பயன்படுத்துகிறார்கள்.

தாளை இடம் பார்த்து வைப்பதற்கு மூன்று முட்டுகள் போதும். நீண்ட பக்கத்தில் இரண்டு, குறுகிய பக்கத்தில் ஒன்று. இரண்டு முட்டுகள் தாள் கோணாமல் காக்கும். மூன்றாவது அது பக்கவாட்டில் விலகாமல் காக்கும். அச்சிடும்போது எந்த இரு ஓரங்கள் முட்டில் சேர்ந்தனவோ, துளையிடும்போதும் அதே ஓரங்களைச் சேர்க்க வேண்டும்.

பழுதான தாளைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். எல்லா வரிசையிலும் துளை ஒரே அளவு விலகியிருந்தால், தொடக்கத்தில் தாளை வைத்த இடம் தவறு. முட்டை நகர்த்தினால் போதும். வரிசைக்கு வரிசை விலகல் வளர்ந்துகொண்டே போனால், நகர்த்தும் அளவு தவறு அல்லது தாள் சுருங்கியோ விரிந்தோ இருக்கிறது. ஒரு முனை சரியாகவும் மறுமுனை விலகியும் இருந்தால் தாள் கோணலாக நுழைந்திருக்கிறது. விலகல் ஒழுங்கில்லாமல் கூடியும் குறைந்தும் வந்தால் தாள் வழுக்குகிறது, அல்லது கொக்கி தேய்ந்துவிட்டது. துளையின் ஓரம் பிசிறாக இருந்தால் ஊசி மழுங்கிவிட்டது.

துளையின் எண்ணிக்கையும் முக்கியம். 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்று கணக்கிடுவது வழக்கம். பிரிட்டனில் முதலில் 16 துளைகள் வைத்தார்கள். தாள் எளிதில் பிய்ந்துபோனதால் 1855இல் 14 ஆகக் குறைத்தார்கள். 1867இல் நீரிணைக் குடியேற்றங்களான சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவுக்கு முதல் அஞ்சல்தலைகள் வந்தன. அவை இந்திய அஞ்சல்தலைகளின்மேல் கிரீடமும் சென்ட் கணக்கில் புதிய விலையும் அச்சிடப்பட்டவை. அவற்றிலும் இந்த 14 கணக்கே இருந்தது.

இனி நாம் முன்பு சொன்ன பாடம். ஓடுகிற சக்கரத்தைக் கண்டால் எவரும் கையை விலக்கிக்கொள்வார்கள். நின்று நின்று நகரும் இயந்திரம் அப்படியல்ல. தாள் நிற்கிறது; பார்ப்பவருக்கு இயந்திரம் ஓய்வெடுப்பதுபோல் தோன்றுகிறது. கசங்கிய தாளை இப்போது நீக்கிவிடலாம் என்று கை முன்னே போகிறது. ஆனால் தாள் நிற்கும் அந்த நேரமே ஊசி இறங்கும் நேரம். துளையிடும் இயந்திரம் மட்டுமல்ல; தகடு அழுத்தும் இயந்திரம், அட்டை வெட்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஆகவே வேலைக்குப் போகும் மகனிடமும் மகளிடமும் இதைச் சொல்லுங்கள். தாள் சிக்கினால் முதலில் விசையை அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் கனத்த சக்கரம் சற்று நேரம் சுழலும். அது முற்றாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். விரலுக்கு முன்னால் உள்ள காப்புத் தகட்டை, வேலை விரைவாக நடக்கும் என்பதற்காகக் கழற்றிவைக்கக் கூடாது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று மேற்பார்வையாளர் சொன்னாலும் விரல் நம்முடையது. கெட்டுப்போன தாளுக்கு வேறு தாள் கிடைக்கும்.

அடுத்த முறை வீட்டுக்குக் கடிதம் வந்தால், பிள்ளைகளை அருகில் அழைத்து அஞ்சல்தலையின் நான்கு ஓரங்களையும் காட்டுங்கள். வெள்ளை ஓரம் நான்கு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று அவர்களே அளந்து சொல்லட்டும். சமமாக இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். இப்போது அவர்களுக்கு விடை தெரியும்.