பாலைவன போட்டோவின் அழகு தூரத்தில் இல்லை... உங்கள் காலடியில்!

நேரில் பிரமாண்டமாகத் தெரிந்த பாலைவனம், மொபைலில் எடுத்துப் பார்த்தால் வெறும் மணலும் வானமுமாகச் சுருங்கிவிடும். ஏன் அப்படி? தூரத்து மலை எவ்வளவு பெரியது என்று ஒப்பிட்டுப் பார்க்க, படத்தில் பக்கத்தில் எதுவுமே இருக்காது. அப்படிப் பக்கத்தில் இருக்கவேண்டிய பகுதியைத்தான் போட்டோகிராபர்கள் 'ஃபோர்கிரவுண்ட்' என்கிறார்கள்.

அதைக் கற்றுக்கொள்ள அருமையான இடம், அமெரிக்காவின் டெத் வேலி தேசியப் பூங்கா. 1913-ல் 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவான இந்தப் பள்ளத்தாக்கில் மூன்று விதமான தரைகள் இருக்கின்றன.

மணல்

மெஸ்கீட் ஃபிளாட் மணல்மேடுகளில், காற்று வரைந்த வரிகள்தான் ஃபோர்கிரவுண்ட். காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு வரிக்கும் நிழல் கிடைக்கும். உச்சிவெயிலில் அவை காணாமல் போய்விடும். மொபைலைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தரைக்குப் பக்கத்தில் போய்விடும். சின்ன வரியும் பெரிதாகத் தெரியும்.

உப்பு

கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது பேட்வாட்டர். இங்கே உப்பு, தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாகப் படிந்திருக்கும். எல்லாக் கட்டங்களையும் படத்துக்குள் திணிக்க வேண்டாம். அழகான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ஓரம் மலையை நோக்கிப் போகும்படி நில்லுங்கள். 0.5 எக்ஸ் வைட் லென்ஸ் இதற்குக் கைகொடுக்கும்.

கல்

ரேஸ்ட்ராக் என்ற வறண்ட ஏரியில், கற்கள் தாமாகவே நகர்ந்ததுபோல் பின்னால் நீளமான தடங்கள் இருக்கும். பல காலம் புதிராக இருந்த இதற்கு, கற்களில் ஜி.பி.எஸ் பொருத்திக் கவனித்த ஆய்வாளர்கள் 2014-ல் விடை சொன்னார்கள். குளிர்காலத்தில் தேங்கும் நீர் இரவில் மெல்லிய பனித்தகடாக உறைகிறது. பகலில் அது உடைந்து, லேசான காற்றில் நகரும்போது கற்களையும் தள்ளிக்கொண்டு போகிறது. போட்டோவில் கல் ஒரு மூலையில், தடம் குறுக்காக வரட்டும். பார்ப்பவரின் கண்ணும் அந்தத் தடத்தோடு நடக்கும்.

மணல் மறக்கும், சேறு மறக்காது

நல்ல ஃபோர்கிரவுண்டைத் தேடி நடக்கும் நாமே அதை அழித்துவிடவும் கூடும் என்பதுதான் இதில் சிக்கல். மணல்மேட்டில் பதிந்த கால்தடத்தைக் காற்று அழித்துவிடும். ஆனால், ரேஸ்ட்ராக் தரை ஈரமாக இருக்கும்போது மிதித்தால், அந்தத் தடம் காய்ந்து வருடக்கணக்கில் நிற்கும். 2016-ல் யாரோ அங்கே வண்டி ஓட்டி, டயர் தடங்களைப் பதித்துவிட்டுப் போனார்கள். அங்கிருந்த கற்களைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. கல் போய்விட்டால், மிஞ்சுவது எங்கும் போய்ச் சேராத ஒரு தடம்தான்.

அதனால், எந்தப் பாலைவனத்துக்குப் போனாலும் முதலில் ஓரமாக நின்று நன்றாகப் பாருங்கள். எங்கே நிற்பது, எது படத்தில் வரவேண்டும் என்று முடிவுசெய்த பிறகு காலடி எடுத்து வையுங்கள். உங்கள் கால்தடமே உங்கள் படத்தில் விழாது என்பது உடனடி லாபம். அடுத்து வருபவருக்கும் அதே அழகு மிச்சமிருக்கும் என்பது அதைவிடப் பெரிய லாபம்!