மாறுகண்: சொற்பொருளும் வழக்கும்

இரு விழிகளும் ஒரே பொருளின்மேல் ஒருங்கே நிலைகொள்ளாமையை இக்காலத் தமிழ் மாறுகண் என்னும் சொல்லால் குறிக்கிறது. பேச்சு வழக்கும் மருத்துவத் தமிழும் ஏற்றுக்கொண்ட சொல் இது. எனினும், இதன் முன்னுறுப்பாகிய ‘மாறு’ எப்பொருளில் நின்றது என்பது ஆராயத்தக்கது.

மாறிய கண், மாறுகின்ற கண், மாறும் கண் என விரித்து இதனை வினைத்தொகையாகக் கொள்வது எளிது. வல்லெழுத்து மிகாமையும் அதற்கு அரணாகத் தோன்றும். ஆயின் அவ்விரிவு, இயல்பிலிருந்து திரிந்ததென ஒரு கண்ணின்மேல் குறையை ஏற்றுகிறது. ‘மாறு’ என்பதற்கு எதிர், முரண் என்னும் பொருள்களும் உண்டு. நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாகிய ‘மாறுகொளக் கூறல்’ முரணக் கூறுதலையே சுட்டும். ‘மாறுகால் மாறுகை வாங்குதல்’ என்னும் தண்டனைத் தொடரில் ஒருபக்கக் காலும் எதிர்ப்பக்கக் கையும் குறிக்கப்படுகின்றன. அங்கும் வல்லெழுத்து மிகவில்லை. எனவே மிகாமை ஒன்றையே சான்றாக்கி வினைத்தொகை எனத் துணிதல் இயலாது. இவ்வழி நோக்கின், ஒன்றற்கொன்று மாறாக நோக்கும் இரு கண்களே மாறுகண் ஆகும். உடலியலுக்கும் இப்பொருளே இயைகிறது. ஒவ்வொரு விழியையும் 6 தசைகள் இயக்குகின்றன. அவற்றின் ஒருங்கிணைவு பிறழ்வதே இந்நிலை. சிலர்க்கு இரு விழிகளும் மாறி மாறி விலகுவதால், ‘மாறிய கண்’ எது என வரையறுத்தலே அரிதாகிறது.

ஓரக்கண், கடைக்கண் என்பன பெரும்பாலும் பார்க்கும் செயலைப் பற்றியன. கடைக்கண் அருளுக்கும் காதற்குறிப்புக்கும் உரியது. திருக்குறள் 1095ஆம் பாவில் வரும் ‘சிறக்கணித்தல்’ என்பதும் கண்ணைச் சுருக்கி நோக்கும் செயலே, உறுப்பின் நிலையன்று. ‘ஒன்றரைக்கண்’ இவற்றினின்று வேறானது. அது திசையை விடுத்து எண்ணிக்கையைக் கூறுகிறது. ஒரு கண்ணை அரையாகக் குறைக்கிறது. அதனால்தான் அது பட்டப்பெயராகவும் வசையாகவும் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. கல்விசார் எழுத்தில் அதற்கு இடமில்லை.

மாறுகண் ‘அதிர்ஷ்டம்’ என்னும் நாட்டு நம்பிக்கை வசைக்கு எதிர்முனையில் நிற்பது, ஆயினும் தீங்கற்றதன்று. குழந்தையின் மூளை விலகிய விழியின் காட்சியைத் தொடர்ந்து புறக்கணித்தால் அவ்விழியின் பார்வைத்திறன் குன்றும். சிகிச்சை இளமையிலேயே மிகுந்த பயன் தரும். இக்குறைவைச் ‘சோம்பேறிக் கண்’ என மொழிபெயர்த்து, மாறுகண்ணுக்கு மறுபெயராக ஆள்வது பிழை. முன்னது பார்வைத்திறன் பற்றியது. பின்னது நோக்கின் திசை பற்றியது. இரு கண்களின் ஒளிவிலகல் அளவு பெரிதும் வேறுபடுமாயின், மாறுகண் இல்லாத குழந்தைக்கும் முன்னது நேரும்.